பெரிய சாமி கொடுத்துப்போன கொண்டைக்கிளி

சேசு மரி சூசை துணை

செஞ்சி,
1946 ஏப்ரல், தபசு காலத்து வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் ஆரோக்கியநாதனுக்கு உன் அம்மா அருளம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் மருமகள் லூர்துமேரியும், இந்த வருஷம் புதிதாக வந்து ஒட்டிக்கொண்ட இன்னொரு ஜீவனும் ஆண்டவர் தயவில் சுகமாயிருக்கிறோம். நீ சுகமா, பர்மாவில் பிடித்த அந்தக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருகிறதா, ஜபல்பூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா என்று நான் தவித்துக்கொண்டிருக்கிறேன், நீயோ ரயில் எந்த ஊரில் எப்போது மாறுகிறது என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். ரயிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அடுத்த மாதம் டிஸ்சார்ஜ் ஆகிறாய், அங்கேயே தொழிற்சாலையில் வேலை கிடைத்துவிட்டது, குடியிருக்க வீடும் தருகிறார்கள், இதெல்லாம் படித்து நான் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்து அழுதேன். சந்தோஷ அழுகைதான். ஆனால் அதற்குக் கீழே, "ஊரில் நாலே நாள்தான் தங்குவேன், லூர்துமேரியைக் கையோடு கூட்டிப்போகவேண்டும், பெட்டியைக் கட்டித் தயாராக வைக்கச் சொல்" என்று எழுதினாயே, அதைப் படித்ததும் அழுகை நின்றுவிட்டது. சந்தைக்குப் போகிற மூட்டையா அவள், கட்டி வைக்க? கோபித்துக்கொள்ளாதே. உனக்குப் பதில் வைத்திருக்கிறேன். அது உன் மனசில் ஏறவேண்டுமானால் முதலில் நீ ஒரு கிளியின் கதையைக் கேட்டாகவேண்டும். சிரிக்காதே, அம்மாவுக்கு வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று நினைக்காதே, முழுக்கப் படி.

நம் பெரிய சாமி தன் தேசத்துக்குத் திரும்பிப் போன செய்தி உனக்குத் தெரியும். சண்டை முடிந்து கப்பல் ஓட ஆரம்பித்ததும் அவருக்கு உத்தரவு வந்துவிட்டது. உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், உன் கல்யாணப் பூசை வைத்தவர், தாடியெல்லாம் வெளுத்து, புதுச்சேரி வண்டியில் ஏறும்போது சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதார். இத்தனை வருஷம் அவருக்குக் குசினியில் சமைத்துப்போட்ட உன் நைனாவைக் கட்டிப்பிடித்து, என் சொத்தெல்லாம் உனக்குத்தான் என்றாராம். பெரிய சொத்து! ஓட்டைக் குடை ஒன்று, காப்பிக் கூஜா ஒன்று, அப்புறம் ஒரு கூண்டு. அந்தக் கூண்டின் மேல் தன் துண்டைப் போர்த்தி, யாராவது பிடுங்கிக்கொள்வார்கள் என்கிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உன் நைனா வந்து சேர்ந்தார். துண்டை எடுத்தால் உள்ளே ஒரு பறவை. நம் மலைக் கிளி மாதிரிப் பச்சை இல்லை. உடம்பு அடுப்புச் சாம்பல் நிறம், முகம் மஞ்சள், இரண்டு கன்னத்திலும் குங்குமம் குழைத்து வைத்தது மாதிரி வட்டப் பொட்டு, தலையில் நீட்டிக்கொண்டு ஒரு கொண்டை. ஆஸ்திரேலியா தேசத்துக் கிளியாம், கப்பல்காரர் ஒருவர் சாமிக்குக் கொடுத்ததாம், காக்கட்டீல் என்று பெயராம். உன் நைனா வாயில் அது காக்கட்டி ஆகிவிட்டது, இப்போது தெரு முழுக்க அதற்குக் காக்கட்டிதான் பெயர். சாமி அறையில் இருந்தவரை அவர் தோளில் ஏறித் தாடியைக் கோதிக்கொண்டிருக்குமாம். இங்கே வந்ததும் கூண்டின் மூலையில் போய் ஒண்டிக்கொண்டது.

அதே வாரத்தில்தான் லூர்துமேரியையும் தளவானூரிலிருந்து கூட்டி வந்தோம். கல்யாணமாகிப் பத்தாம் நாள் நீ பட்டாளத்துக்குத் திரும்பிவிட்டாய், அவள் தன் அம்மா வீட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டோம், அப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது. சண்டை நின்றுவிட்டது, பிள்ளை வரும்போது பெண்டாட்டி புகுந்த வீட்டில் இருக்கவேண்டாமா என்று நான்தான் போய் அழைத்து வந்தேன். வந்தாள். நல்ல பெண்தான், ஒரு குறை சொல்ல முடியாது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. லூர்து என்று கூப்பிட்டால் பதறிக்கொண்டு வந்து நிற்பாள். உட்காரு என்றால் உட்காருவாள், சாப்பிடு என்றால் ரெண்டு வாய் சாப்பிடுவாள். எதைக் கேட்டாலும் "சரிங்க அத்தே" தான், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. கொண்டு வந்த டிரங்குப் பெட்டியைத் திறக்கவே இல்லை. கட்டியிருந்த புடவையையும் மாற்றுப் புடவையையும் துவைத்துத் துவைத்துக் கட்டிக்கொண்டு, பெட்டியைப் பூட்டியபடியே சுவரோரம் வைத்திருந்தாள். நானும் சும்மா இருந்தேனா? மருமகள் வந்திருக்கிறாள் பாருங்கள் என்று தெருவில் இருக்கிற பெண்டுகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். பூ வைத்துவிட்டேன், திரும்பி நில் என்றேன், பாட்டுப் பாடு, கோயிலில் நன்றாகப் பாடுவாயாமே என்றேன். அவளுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று கேட்காமல் கருவாட்டுக் குழம்பாகப் போட்டுத் தள்ளினேன். எல்லாம் ஆசையால்தான்.

கிளிக்கும் அதே மரியாதைதான் நடந்தது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்கட்டும் என்று கூண்டை நடுவீட்டில் உத்தரத்தில் மாட்டினார் உன் நைனா. கிளி என்றால் மிளகாய்தானே தின்னும் என்று நான் பழுத்த மிளகாயாகப் பொறுக்கிப் போட்டேன். கொய்யாப்பழம் நறுக்கி வைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெருப் பிள்ளைகள் விளக்குமாற்றுக் குச்சியை விட்டுக் குத்திப் பார்த்தன. பக்கத்து வீட்டு மீனம்பாள் வந்து, "இன்னாடி இது, பேசாத கிளி, காசு குடுத்தாகூட யாரும் வாங்கமாட்டாங்க" என்று சிரித்தாள். உன் நைனாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. சாமி கையில் ஏறிய கிளி என் கையில் ஏறாதா என்று கூண்டுக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டார். அது கொண்டையைத் தலையோடு ஒட்ட மடக்கிக்கொண்டு, பாம்பு மாதிரிச் சீறி, பெருவிரலைக் கவ்விக்கொண்டது. "ஐயோ, என் வெரலு!" என்று அவர் போட்ட கூச்சலில் அடுப்பிலிருந்த பால் பொங்கியது எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு யார் கிட்டே போனாலும் அது கூண்டில் முட்டி மோதி, இறக்கை ஒடிய அடித்துக்கொள்ளும். தீனி எடுக்காமல் நாளுக்கு நாள் மெலிந்தது. பெரிய சாமி நம்பிக் கொடுத்த உயிர், நம் வீட்டில் செத்தால் என்ன பதில் சொல்வது என்று உன் நைனா ஒடிந்துபோய்விட்டார்.

அப்போதெல்லாம் எனக்கு உன் ஞாபகம்தான். கோட்டைக்குள்ளே கல்யாண மகாலின் மேல்தளத்துப் பொந்திலிருந்து ஒரு மலைக் கிளிக் குஞ்சை எடுத்து வந்தாயே, நினைவிருக்கிறதா? அரைக்கால் சட்டையில் முட்டியெல்லாம் சிராய்ப்பு, முகமெல்லாம் சிரிப்பு, சட்டைக்குள் கிளி. ஏண்டா விழுந்திருந்தால் என்ன ஆகும் என்று நான் முதுகில் ஒன்று வைத்தேன், அதற்கும் சிரித்தாய். அந்தக் கிளியை நீ ஒரு நிமிஷம் கீழே விட்டாயா? தூங்கும்போது பக்கத்தில், சாப்பிடும்போது மடியில், பூசைக்குப் போனால் சட்டைப் பைக்குள், அது நடுப்பூசையில் கத்தி பெரிய சாமி திரும்பிப் பார்த்துச் சிரித்ததெல்லாம் நேற்று நடந்தது மாதிரி இருக்கிறது. வாயைத் திறந்து திறந்து ஊட்டுவாய், அது கண்ணை மூடினால் தட்டி எழுப்புவாய். இறக்கை முளைத்த அன்றைக்கே அது செட்டிகுளத்துப் பக்கம் பறந்துபோய்விட்டது. நீ அந்தக் குளக்கரையில் போய் நின்று இருட்டும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். நான்தான் கைப்பிடித்து இழுத்து வந்தேன். எவ்வளவு ஆசையாக வளர்த்தேன், ஏம்மா போச்சு என்று கேட்டாய். எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை, பழம் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். உன் சின்ன வயசை நினைக்க உட்கார்ந்தால் எனக்கு அடுப்பு வேலை ஓடாது. சீதாப்பழக் காலத்தில் மலை ஏறிவிட்டு வாயெல்லாம் வெள்ளையாக வந்து நிற்பாயே, அந்தப் பிள்ளை துப்பாக்கி தூக்கிக்கொண்டு பர்மா காட்டில் நடந்தான் என்றால் இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை.

கதையை விட்டுவிட்டேன் பார். கிளி தீனி எடுக்கவில்லை என்றேனா, மீனம்பாள் வந்து பார்த்துவிட்டு, "கண்ணு பட்டுருக்குதுடி அருளம்மா, ஊரே வந்து பாத்துட்டுப் போச்சு, பின்ன இன்னா ஆவும்? நல்லா சாம்பிராணி போடு" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. உன்னைக் குளிப்பாட்டினால் நான் என்ன செய்வேன்? உடம்பு துவட்டி, சாம்பிராணிப் புகை மேல் காட்டி, தலை காயவைத்துத்தானே தொட்டிலில் போடுவேன், நீ இரண்டு வேளைக்கு அசையாமல் தூங்குவாய். அதே நினைப்பில் சனிக்கிழமை சாயங்காலம் ஜெபமாலைக்கு முன்னால் கூண்டைக் கீழே இறக்கி, தணலை அள்ளி வந்து வைத்து, கைநிறையச் சாம்பிராணி போட்டு, புகை வீணாகக்கூடாது என்று கூண்டின் மேல் என் பழைய புடவையையும் மூடினேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன், மாதா சாட்சி. உள்ளே தொப்பென்று ஒரு சத்தம். கிளி தூங்க ஆரம்பித்துவிட்டது என்று நான் சொன்னேன் பார், என் புத்தியை என்ன சொல்ல!

அப்போது அடுக்களையிலிருந்து ஒரு குரல். "ஐயையோ, அத்தே! இன்னா செய்றீங்க, மூச்சு முட்டிச் சாவுது அது!" இந்த வீட்டில் நான் கேட்டறியாத குரல். திரும்பிப் பார்ப்பதற்குள் லூர்துமேரி ஓடிவந்து புடவையை உருவி எறிந்துவிட்டு, கூண்டைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து வேப்பமரத்தடிக்கு ஓடினாள். காலில் தணல் தெறித்ததைக்கூட அவள் பார்க்கவில்லை. நானும் உன் நைனாவும் பின்னாலேயே ஓடினோம். கிளி கூண்டின் அடியில் இறக்கையை விரித்துப் போட்டு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கிடந்தது. உன் நைனா அதைக் கையில் எடுக்கப் போனார். "தொடாதீங்க மாமா! கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ரெண்டு பேரும்" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரித் தள்ளி நின்றோம். அவளும் தொடவில்லை, கூண்டுக் கதவைக்கூடத் திறக்கவில்லை. காற்று வருகிற பக்கமாகக் கூண்டைத் திருப்பி வைத்துவிட்டுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். வெகுநேரம் கழித்து அது மெல்ல எழுந்து நின்றது. அது எழுந்ததும்தான் மாமியாரை அதட்டிவிட்டோம் என்பதே அவளுக்கு உறைத்தது போலிருக்கிறது. முகம் வெளிறி, "மன்னிச்சிடுங்க அத்தே" என்று கைகூப்பினாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இன்னும் ரெண்டு திட்டு திட்டுடி கண்ணு, உன் வாயைத் திறக்கவைக்க நான் என்னென்ன பாடு பட்டேன் என்றேன்.

அன்றிலிருந்து காக்கட்டி அவள் பொறுப்பு. உத்தரத்தில் மாட்டவேண்டாம் என்று சொல்லி, பின்கட்டில் இரண்டு சுவர் சேருகிற மூலையில் ஒரு பலகை மேல் கூண்டை வைத்தாள். மேலேயும் ஒரு பக்கமும் துணி போட்டாள், ஒரு பக்கம் மட்டும் திறப்பு. பயந்தால் போய் ஒளிந்துகொள்ள அதற்கு ஓர் இடம் வேண்டுமாம். தெருப் பிள்ளைகளுக்குக் கதவைச் சாத்தினாள். எண்ணெய் மில்லுக்குப் போட வேண்டிய மல்லாட்டையை முறத்தில் கொட்டிக்கொண்டு, கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தன் பாட்டுக்குத் தோலை உடைத்துப் பருப்பெடுத்துக்கொண்டிருப்பாள். திரும்பிப் பார்க்கமாட்டாள். நடுநடுவே ஏதோ மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருப்பாள், கிளியிடமா மல்லாட்டையிடமா தெரியாது. தீனி விஷயத்திலும் அவள்தான் கண்டுபிடித்தாள். மிளகாயையும் பழத்தையும் தொடாத கிளி, கூண்டுக்கு வெளியே சிட்டுக்குருவிகள் தானியம் பொறுக்குவதைக் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கிறது என்று கவனித்திருக்கிறாள். தளவானூரிலிருந்து வந்த மூட்டையில் தினைக்கதிர் இருந்தது, அதில் ஒன்றைக் கம்பியில் செருகி வைத்துவிட்டு மறுபடி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் முறுக் முறுக் என்று சத்தம். உன் நைனா கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் குதித்தாரே ஒரு குதி! அந்த வயசான காலில் அப்படிக் குதித்ததை நீ பார்த்திருக்கவேண்டும்.

அப்புறம் மெல்ல மெல்ல. கதிரின் ஒரு முனையை விரலில் பிடித்துக்கொண்டு கூண்டுக்கு வெளியே சும்மா வைத்திருப்பாள். வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். அது சீறினால் கையை எடுத்துவிடுவாள், வெடுக்கென்று எடுக்காமல் மெதுவாக. கொண்டை தலையோடு ஒட்டிப் படுத்திருந்தால் கோபமாம், நட்டுக்கொண்டு நின்றால் பயமாம், பாதி சாய்ந்திருந்தால்தான் மனசு நிம்மதியாம், நாங்கள் மூன்று பேரும் காலையில் எழுந்ததும் முதலில் அந்தக் கொண்டையைத்தான் பார்ப்போம். ஒரு நாள் கதவைத் திறந்து வைத்து, உள்ளங்கையில் தினையைக் கொட்டிக்கொண்டு கையை வாசலில் வைத்தாள். அது ஒரு காலை எடுத்து அவள் விரல்மேல் வைத்தது. வைத்துவிட்டு எடுத்துவிட்டது. மறுபடி வைத்தது. அவள் மூச்சுகூட விடவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிகிறது. இப்போதெல்லாம் அவள் உட்கார்ந்தால் அது தோளில் ஏறித் தலையைக் குனிந்து காட்டுகிறது, கொண்டைக்கு அடியில் சொறிந்துவிடவேண்டுமாம் துரைக்கு. உன் நைனாவுக்கு ஒரே பொறாமை. அவர் தூரத்தில் நின்று ஞானப்பாட்டு ராகத்தைச் சீட்டியடிப்பார், அது பாதியைத் திருப்பி அடிக்கும். பேசாத கிளி என்று சிரித்த மீனம்பாள் இப்போது தன் வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் கூட்டி வந்து கதவண்டை நிற்கிறாள், லூர்துமேரி விட்டால்தானே.

உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் இதெல்லாம் என்று ஒரு மத்தியானம் அவளோடு மல்லாட்டை உடைத்துக்கொண்டே கேட்டேன். "யாரும் சொல்லித் தரலை அத்தே. எனக்கு இங்க எப்டி இருந்திச்சோ, அப்டித்தான அதுக்கும் இருக்கும்? எல்லாரும் சுத்தி நின்னு பாத்தா எங்கன்னு போயி ஒளியறது?" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, அவளுக்கு அந்த வித்தை தெரியாது. சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு உடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் கையில் மல்லாட்டை ஓடவில்லை. அதிலிருந்து நான் அவளை ஓயாமல் கூப்பிடுவதை விட்டேன். நீ என்ன சமைக்கிறாய் இன்றைக்கு என்று அடுப்பை அவளிடம் விட்டேன். கீரையும் கம்பங்கூழும்தான் அவளுக்கு உயிராம், கருவாடு வாசனையே ஆகாதாம், பாவி நான்! பிறகு ஒரு நாள் வெயிலில் பார்க்கிறேன், கொடியில் வரிசையாகப் புடவைகள், கல்யாணப் புடவை உள்பட. டிரங்குப் பெட்டி காலியாகத் திறந்து கிடக்கிறது. நான் உள்ளே போய் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன்.

அந்தச் சமயத்தில்தான் உன் கடிதம் வந்தது. உன் நைனாவைப் பற்றித்தான் தெரியுமே, பட்டாளத்துக் கடிதம் என்றால் தெருவுக்கே கேட்கவேண்டும், முற்றத்தில் நின்று உரக்கப் படித்தார். நாலு நாள், பெட்டியைக் கட்டி வை, ஜபல்பூர். லூர்துமேரி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் புடவையெல்லாம் மடித்துப் பெட்டிக்குள் போய்விட்டது. கிளியிடம் போகிறாள், வைக்கவேண்டியதை வைக்கிறாள், பேச்சு இல்லை. மறுபடியும் "சரிங்க அத்தே" ஆரம்பித்துவிட்டது. குருத்து ஞாயிற்றுக்கு அவள் அண்ணன் அருள்சாமி வருகிறான், பாஸ்குப் பண்டிகைக்கு அம்மா வீட்டுக்குப் போய்வரட்டுமா என்று கேட்டாள். போய்வா என்றேன். வருவாளா என்று எனக்குப் பயம். மீனம்பாளிடம் மனசைத் திறந்திருக்கிறாள், மீனம்பாள் வந்து என்னிடம் சொன்னாள். லூர்துமேரி சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உனக்கு வலித்தாலும் படித்துக்கொள். "அவுரு மொகமே எனக்கு மறந்துபோச்சிக்கா. போட்டோவைப் பாத்தா யாரோ பட்டாளத்துக்காரரு மாதிரி இருக்குது. அவுருகூட அம்மாந்தூரம் தனியாப் போயி, பாஷை தெரியாத ஊர்ல, நான் யார்கிட்ட அழுவேன்?" இவ்வளவுதான் அவள் சொன்னது. உன்மேல் ஒரு குற்றமும் சொல்லவில்லை. சொல்ல அவளுக்கு உன்னைத் தெரிந்தால்தானே.

நீ கெட்டவன் என்று யார் சொன்னார்கள்? உன் மனசு தங்கம் என்று எனக்குத் தெரியும், நான் பெற்றவள். ஆனால் உனக்கு ஆசை வந்தால் பொறுமை இருக்காது. சண்டையில் மூன்று வருஷம் இவளை நினைத்து நினைத்தே உயிரோடு இருந்தேன் என்று எழுதியிருக்கிறாய், நம்புகிறேன். அவளுக்கு அப்படி நினைத்துக்கொள்ள என்ன இருந்தது சொல், பத்து நாள், அதில் பாதி நாள் விருந்தும் உறவுக்காரர் வீடும். உன் நைனாவுக்கு வாழ்க்கைப்பட்டு நான் வந்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. இந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் சாயங்காலம் குசினியிலிருந்து வரும்போது சாமிக்குச் சுட்ட ரொட்டியில் ஒரு துண்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, நான் இருக்கிற பக்கம் திரும்பாமல் தோட்டத்துக்குப் போய்விடுவார். முதலில் நான் தொடவில்லை. பிறகு தின்றேன். பிறகு ஒரு நாள் வர நேரமாகிவிட்டது, நான் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். ரொட்டிக்காக இல்லை. இதை இதுவரை அவரிடம்கூடச் சொன்னதில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன், நீயும் சொல்லித் தொலைக்காதே, தலைகால் புரியாது அவருக்கு.

இப்போது என் பதிலைக் கேள். நாலு நாளில் அவளை உன்னோடு அனுப்பமாட்டேன். நீ என்ன எழுதினாலும் சரி, உன் நைனா உனக்காகப் பரிந்து பேசினாலும் சரி, அனுப்பமாட்டேன். வா ராசா, ஓடி வா, உன்னைப் பார்க்க இந்தக் கண் பூத்துப்போய்க் கிடக்கிறது. ஆனால் வந்ததும் லூர்து லூர்து என்று அவளைத் தேடிக்கொண்டு உள்ளே பாயாதே. எதிரில் வந்து நின்று ஏன் கடிதம் போடவில்லை என்று கேட்காதே. அவளுக்கென்று ஒரு புடவை வாங்கி வைத்திருப்பதாக எழுதினாயே, அதைக் கட்டிக்கொண்டு வா என்று சொல்லாதே, கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போய்விடு. பின்கட்டில் முறத்தில் மல்லாட்டை இருக்கும், நீயும் ஒரு பக்கம் உட்கார்ந்து உடை. அவளுக்குத் தோன்றினால் பேசுவாள். இந்த நாலு நாளில் அவள் உன்னிடம் பேசாமலே போகலாம், அதற்காக முகத்தைத் தூக்கிக்கொண்டு போகாதே. வேலைக்குப் போய்ச் சேர நாள் தள்ள முடியாது என்றால் நீ மட்டும் போ. லீவு கிடைக்கும்போது திரும்பி வா, அப்புறமும் வா. அவளாகப் பெட்டியைக் கட்டுகிற அன்றைக்குத் திண்டிவனம் ஸ்டேஷன் வரைக்கும் நானே வந்து உங்கள் இரண்டு பேரையும் ரயிலேற்றிவிடுகிறேன், கட்டுச்சோறும் கட்டித் தருகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் நான் உனக்குக் கடிதம் எழுதப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். ஏதாவது எழுதவேண்டுமா என்று கேட்டேன், தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். சற்று நேரம் கழித்து, கிளிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தவள், என் பக்கம் திரும்பாமலே, "அத்தே, அவுரு கோவக்காரரா?" என்று கேட்டாள். உன்னைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. ஐயோ, என் பிள்ளை ஈ எறும்புக்குக் கெடுதல் நினைக்காதவன் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. பெற்றவள் சொன்னால் அது என்ன சாட்சி? வந்ததும் நீயே பாத்துக்கயேன் கண்ணு என்றேன். தண்ணீர்க் கிண்ணத்தைக் கூண்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு, "பாஸ்கு முடிஞ்சதும் வந்துடறேன் அத்தே" என்றாள்.

ஆரோக்கிய மாதா உன்னை வழியெல்லாம் கைப்பிடித்துக் கூட்டி வரட்டும், உன் தலைக்கு ஒரு கெடுதலும் வராமல் சம்மனசுகள் காவல் இருக்கட்டும். காய்ச்சல் மாத்திரையை ரயிலிலும் விடாமல் சாப்பிடு, கிடைக்கிற தண்ணீரையெல்லாம் குடிக்காதே. உன் பதில் எனக்கு வரும்போது உன் நைனா பெயருக்குப் போடாமல் என் பெயருக்குப் போடு, அவர் முற்றத்தில் நின்று படித்தது போதும். அவளுக்கு என்று நீ எழுதுவதாக இருந்தால் தனியாக ஒரு தாளில் எழுது, வா போ என்று ஒன்றும் வேண்டாம், அந்த ஊரில் என்ன மரம் இருக்கிறது, என்ன பறவை வருகிறது என்று மட்டும் எழுது, பிரிக்காமல் அவள் கையில் கொடுத்துவிட்டு நான் அந்தப் பக்கம் போய்விடுகிறேன்.

உன்னை எந்நேரமும் நினைத்திருக்கும் அம்மா,
அ. அருளம்மாள்.